மனைக்கு ரோடு உண்டு, கம்பம் உண்டு. இணையத்துக்கு யார் காசு?

பைபாஸை ஒட்டி ஒரு புது நகர் முளைக்கிறது. போன வருஷம் வரை சோளம் நின்ற காடு. இன்று அலங்கார வளைவு, கலர்க் கொடி, மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள். கையில் திணிக்கும் நோட்டீஸில் 30 அடி, 23 அடி தார்ச்சாலை, சுவையான குடிநீர், தெருவிளக்கு, வங்கிக் கடன் வசதி என்று எல்லாம் இருக்கும். இப்படி எத்தனையோ நோட்டீஸ்களை மடித்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். ‘இணையக் குழாய் பதித்த மனை’ என்று ஒன்றில்கூடப் படித்ததில்லை.

மனை வாங்கியவர் கடன் கிடைத்து, வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டு பிராட்பேண்டுக்குப் போன் செய்கிறார். “அந்தப் பக்கம் நம்ம லைன் இல்ல சார். இன்னும் நாலஞ்சு வீடு சேர்ந்து கேட்டீங்கன்னா பார்க்கலாம்” என்று பதில் வருகிறது. வேறு கம்பெனியைக் கேட்டால், மெயின் ரோட்டிலிருந்து கேபிள் இழுக்கும் செலவைத் தனியாகத் தரச் சொல்கிறார்கள். இதை யார் தர வேண்டும்? நிலத்தைப் பிரித்து விற்ற புரமோட்டரா, இணைய கம்பெனியா, பஞ்சாயத்தா, வீட்டுக்காரரா?

நம்மூர் விதிகளில் இதற்கு நேரடிப் பதில் கிடையாது. மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. ஒப்புதல் வாங்கும்போது புரமோட்டர் தலையில் ஏறும் சுமைகள் தெளிவாக இருக்கின்றன. சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட பரப்பைத் தாண்டினால் பூங்காவுக்கு 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் பொது உபயோகத்துக்குக் கூடுதலாக 1 சதவீதம். அதில் பாதி உள்ளாட்சிக்கு, பாதி மின்வாரியத்துக்கு. ஆக, மின்சாரத்துக்கு நிலமே எழுதி வைக்கிறோம். இணையத்துக்கு ஓர் அடி பள்ளம்கூட இல்லை.

மத்திய அரசின் 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தையும் புரட்டிப் பார்க்கலாம். ‘உள் மேம்பாட்டுப் பணிகள்’ என்றால் எவை என்று அது நீளமாகவே சொல்கிறது: சாலை, நடைபாதை, குடிநீர், கழிவுநீர், வடிகால், பூங்கா, மரம் நடுதல், தெருவிளக்கு, தீத்தடுப்பு… மரக்கன்றுக்குக் கிடைத்த இடம் தொலைத்தொடர்புக் குழாய்க்குக் கிடைக்கவில்லை. ‘திட்டத்தின் நலனுக்கான வேறு பணிகள்’ என்ற வால் ஒன்று கடைசியில் இருக்கிறது. ஆனால் அதுவும் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இருந்தால்தான் செல்லும். வரைபடத்தில் அதைக் கேட்பார் யாரும் இல்லை.

செலவு எங்கே விழுகிறது என்று பார்த்தால் இந்த விடுபடலின் விலை புரியும். கண்ணாடி இழை கேபிள் அப்படியொன்றும் விலை உயர்ந்த பொருள் அல்ல. வீடுகளுக்குக் கொடுக்கும் ஜிபான் முறையில், கம்பெனியின் கருவியிலிருந்து கிளம்பும் ஒரே இழை, தெருமுனைப் பெட்டியில் உள்ள ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். 20 கிலோமீட்டர் வரை போகும். பணத்தைத் தின்பது மண்ணைத் தோண்டுவதும் மூடுவதும்தான். இணையக் கட்டமைப்புச் செலவில் 80 சதவீதம் வரை இந்தத் தோண்டும் வேலைக்கே போய்விடலாம் என்று கணக்கிட்டுத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தனியாக ஓர் உத்தரவே போட்டது. மனை போடும்போது ஜே.சி.பி. எப்படியும் நிலத்தில் நிற்கிறது. வடிகாலுக்குப் பள்ளம் பறிக்கிறது. பக்கத்திலேயே ஒரு காலிக் குழாயைப் போட்டுவிட்டால் அதற்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம்தான். தார் போட்டு, உள்ளாட்சியிடம் சாலையை ஒப்படைத்த பிறகு அதே வேலைக்குச் சாலை வெட்ட அனுமதி, கட்டணம், மறுபடி தார், அக்கம்பக்கத்தாரின் ஏச்சு எல்லாம் சேரும்.

அதனால்தான் நம்மூரில் இணையம் மண்ணுக்குள் போகாமல் தலைக்கு மேலே போகிறது. உள்ளூர் கேபிள்காரர் மெயின் ரோட்டிலிருந்து கறுப்பு ஒயரை இழுத்து, இ.பி. கம்பத்துக்குக் கம்பம் கட்டி, கம்பம் இல்லாத இடத்தில் வேப்பங்கிளையில் ஒரு முடிச்சுப் போட்டு, மிச்சத்தை வளையமாகச் சுருட்டித் தொங்கவிட்டுப் போகிறார். கம்பத்துக்கு முறையான அனுமதி எல்லா இடத்திலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவில் செங்கல் லாரி ஒன்று அந்த வளையத்தை மாட்டி இழுத்துப் போனதில் பதினோரு வீடுகளுக்கு இரண்டு நாள் இணையம் இல்லை. கேபிள்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புரமோட்டரும் பெரிய கம்பெனியும் கைவிட்ட இடத்தில் கைக்காசைப் போட்டு லைன் கொண்டுவந்தவர் அவர்தான். அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கேபிள் கொண்டுபோகிறது. ஆனால் அது சேருமிடம் ஊராட்சி அலுவலகம். அங்கிருந்து புது நகரின் ஏழாவது குறுக்குத் தெருவுக்கு வருவது வேறு கதை.

இந்தக் கேள்வியை உட்கார்ந்து பேசித் தீர்த்த நாடு ஒன்று உண்டு: ஆஸ்திரேலியா. அங்கே 2011-இல் வந்த சட்டப்படி, நிலத்தைப் பிரித்து விற்கும் கம்பெனி, மனையை விற்பதற்கு முன்பே இழை செல்லத் தகுந்த குழாயும் தொட்டிகளும் பதித்திருக்க வேண்டும். அங்கே தெருவில் பள்ளம் தோண்டினால் மின்சாரக் குழாய் ஆரஞ்சு நிறத்திலும் தொலைத்தொடர்புக் குழாய் வெள்ளை நிறத்திலும் இருக்கும். கடப்பாறை பிடிப்பவருக்கு எது எதுவென்று சொல்ல ஆள் தேவையில்லை.

குழாய் புரமோட்டர் பொறுப்பு. உள்ளே ஓடும் கேபிள்? முதலில் அரசின் என்பிஎன் நிறுவனமே போட்டுக் கொடுத்தது. அரசே இலவசமாகப் போட்டால் காசு வாங்கிக்கொண்டு போடும் தனியார் எப்படிப் பிழைப்பார்கள் என்ற சண்டை கிளம்பியது. 2015 மார்ச்சில் கொள்கையை மாற்றினார்கள். தனி வீட்டு மனைக்கு 600 டாலர், அடுக்ககத்தில் வீட்டுக்கு 400 டாலர் என்று புரமோட்டரிடமும், முதல் இணைப்பின்போது 300 டாலர் குடியிருப்பவரிடமும் வசூலிக்கலாம் என்று வகுத்தார்கள். 2020 ஜூலை முதல், ஒவ்வொரு பகுதிக்கும் இணைப்புக் கொடுக்கக் கடமைப்பட்ட நிறுவனம் எது என்பதும் சட்டத்தில் உறுதியானது. கேட்டால் மறுக்க முடியாது.

அவர்களும் ஒரே நாளில் சரியாகச் செய்துவிடவில்லை. 2011 சட்டம் கம்பெனிகளை மட்டுமே கட்டியது. தனிநபராகவோ அறக்கட்டளை பெயரிலோ நிலம் பிரித்தவர்கள் குழாய் போடாமலே விற்றார்கள், குடிவந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கப் பிறகு இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. தாத்தா நிலத்தைப் பேரன் ஆறு மனையாகப் பிரித்து விற்பது சகஜமான நம் மாநிலத்துக்கு இந்த அனுபவம் முக்கியம்.

இங்கிலாந்து வழி வேறு. 2022 டிசம்பர் 26 முதல் கட்டட விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். புது வீட்டுக்கு ஜிகாபிட் இணைப்பு கொடுப்பது கட்டுபவர் பொறுப்பு. ஆனால் வீட்டுக்கு 2,000 பவுண்டுக்கு மேல் செலவு போனால், அந்த வரம்புக்குள் கிடைக்கும் அடுத்த நல்ல இணைப்பு போதும்.

புரமோட்டர் தலையில் கட்டினால் அவர் மனை விலையில் ஏற்றிவிடுவாரே என்று கேட்கலாம். ஏற்றத்தான் செய்வார். ஆஸ்திரேலியக்காரருக்கும் அந்த 600 டாலர் மனை விலைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. எந்த ஊரிலும் கடைசியில் கொடுப்பது வீட்டுக்காரர்தான். பள்ளம் திறந்திருக்கும்போது கொஞ்சமாகக் கொடுப்பதா, தார் போட்ட பிறகு நிறையக் கொடுப்பதா என்பதில்தான் வித்தியாசம்.

குழாய் யாருக்குச் சொந்தம் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். புரமோட்டரே ஒரு கம்பெனியோடு பேசி முடித்து, அவர்கள் லைன் மட்டும்தான் உள்ளே வரும் என்று வைத்துவிட்டால், அந்த நகரில் குடியிருப்பவர் அவர்கள் சொல்லும் மாதக் கட்டணத்தைக் கட்டியே தீர வேண்டும். எனவே குழாய் காலியாக இருக்க வேண்டும். சாலையோடு சேர்ந்து உள்ளாட்சி கைக்குப் போக வேண்டும். எந்தக் கம்பெனி வந்தாலும் வாடகை கட்டி உள்ளே இழை விட வேண்டும். பஞ்சாயத்துக்கும் சிறிது வருமானம்.

டெல்லியில் கொஞ்சம் அசைவு தெரிகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் கேபிள் பதிக்கும் வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. கட்டடங்களுக்கு இணைய வசதியைப் பொறுத்து நட்சத்திரம் வழங்கும் விதிமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. நட்சத்திரம் அடுக்ககத்துக்கும் ஐ.டி. பூங்காவுக்கும் அழகு. வெறும் மனை விற்கும் புரமோட்டருக்கு அதனால் வலியும் இல்லை, லாபமும் இல்லை.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது பெரிய சட்டமெல்லாம் இல்லை. மனைப்பிரிவு ஒப்புதல் நிபந்தனைகளில் வடிகாலுக்கு அடுத்து ஒரு வரி சேர்த்தால் போதும்: எல்லாச் சாலை ஓரங்களிலும், ஒவ்வொரு மனையின் முகப்பு வரைக்கும், காலிக் குழாய். அது இல்லாமல் தானப் பத்திரத்தை வாங்கக் கூடாது.

அந்த வரி வரும்வரை, அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தார் இன்னும் போடவில்லை என்றால் பத்துப் பேர் சேர்ந்து புரமோட்டரிடம் குழாய் கேளுங்கள். ஜே.சி.பி. கிளம்பிப் போவதற்குள் கேளுங்கள்.