பெருங்குடல் அகநோக்கல்: காத்திருப்பும் தரமும்

பெருங்குடல் அகநோக்கல் (கொலோனோஸ்கோப்பி) என்பது, நுனியில் ஒளிப்படக் கருவி பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலின் உட்சுவரைப் பார்வையிடும் சோதனை ஆகும். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் எனும் சதை வளர்ச்சிகளைப் பெரும்பாலும் சோதனையின்போதே அகற்றிவிடலாம். ஐக்கிய அமெரிக்காவில் இது பெரும்பாலும் புறநோயாளர் மையங்களில் செய்யப்படுகிறது. நோயாளி அன்றே வீடு திரும்புகிறார். சோதனை எப்போது கிடைக்கிறது, எவ்வளவு கவனமாகச் செய்யப்படுகிறது என்னும் இரண்டையும் வைத்தே இச்சேவை மதிப்பிடப்படுகிறது.

காத்திருப்புக் காலம்

2021 இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 50 இலிருந்து 45 ஆகக் குறைத்தது. இதனால் பரிசோதனைக்கு உரியோரின் எண்ணிக்கை கூடியது. பலர் முதலில் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனையைச் செய்துகொள்கின்றனர். அதில் இரத்தம் இருப்பது தெரிந்தால் அகநோக்கல் அவசியம்.

அவ்வாறு இரத்தம் கண்டறியப்பட்ட சுமார் 70,000 பேரைப் பற்றி, கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே அமைப்பில் நடந்த ஆய்வு 2017 இல் வெளியானது. முதல் மாதத்திற்குள் அகநோக்கல் செய்துகொண்டோருடன் ஒப்பிடுகையில், 10 மாதங்கள் வரை காத்திருந்தோரிடம் புற்றுநோய் இடர் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. அதன்பின் கூடியது; 12 மாதங்களைத் தாண்டியோரிடம் இரு மடங்குக்கு மேல் இருந்தது. எனவே சில வாரத் தாமதத்திற்காக அஞ்ச வேண்டியதில்லை. சோதனையை மறந்து விடுவதே ஆபத்து. கண்ணுக்குத் தெரியும் இரத்தப்போக்கு, காரணமற்ற எடைக்குறைவு போன்ற அறிகுறிகள் உள்ளோருக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்கள் தாமதியாது மருத்துவரை அணுக வேண்டும்.

தர அளவுகோல்கள்

பாலிப் வகைகளுள் அடினோமா முக்கியமானது. ஒரு மருத்துவர் சோதிப்பவர்களுள் நூற்றுக்கு எத்தனை பேரிடம் அதைக் கண்டறிகிறார் என்பதே அடினோமா கண்டறிதல் வீதம். 2014 இல் வெளியான மற்றொரு கைசர் ஆய்வில் இவ்வீதம் மருத்துவருக்கு மருத்துவர் சுமார் 7 முதல் 53 விழுக்காடு வரை வேறுபட்டது. வீதம் ஒரு புள்ளி உயரும்போது, சோதனைக்குப் பின் புற்றுநோய் தோன்றும் இடர் 3 விழுக்காடு குறைந்தது.

குழாயை வெளியே எடுக்கும்போதுதான் குடற்சுவர் நுணுக்கமாகப் பார்க்கப்படுகிறது. 2006 இல் வெளியான இல்லினாய்ஸ் ஆய்வில், இதற்குச் சராசரியாக 6 நிமிடங்களுக்கு மேல் செலவிட்ட மருத்துவர்கள் 28.3 விழுக்காட்டினரிடமும், குறைவாகச் செலவிட்டோர் 11.8 விழுக்காட்டினரிடமும் கட்டிகளைக் கண்டனர்.

நோயாளியின் பங்கு

குடல் தூய்மையாக இல்லாவிடில் திறமையான மருத்துவரும் பாலிப்பைத் தவறவிடலாம். சோதனையை மீண்டும் செய்ய நேரிடும். பேதி மருந்தை முதல்நாள் மாலை ஒரு பகுதியாகவும் சோதனை நாளன்று மறுபகுதியாகவும் அருந்துவது குடலை நன்கு தூய்மையாக்கும். மருத்துவரின் கண்டறிதல் வீதம் என்ன, குழாய் பெருங்குடலின் தொடக்கப் பகுதி வரை சென்றதா, குடல் தூய்மையாக இருந்ததா எனக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. விரைவில் கிடைத்தும் அவசரமாக முடிக்கப்பட்ட சோதனை, நோய் இல்லை என்ற பொய்யான நிம்மதியையே தரும்.