பொதிகை மண் போய்ச் சேரும் இடம்

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் மலையை விட்டிறங்கி, நெல்லைச் சீமையின் வயல்களை நனைத்துப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, தண்ணீரை மட்டுமா கொண்டு செல்கிறது? மலைப்பாறை தேய்ந்து உதிர்ந்த மணலையும் வண்டலையும் யுகயுகாந்தரமாக மன்னார் வளைகுடாவில் சேர்த்துவருகிறது; சங்க காலத்தில் முத்துக்குப் பேர்பெற்ற துறைமுகமாயிருந்த கொற்கை, இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே ஒதுங்கிக் கிடப்பதே அதற்குச் சாட்சி. இவ்வாறு ஆறுகள் கொணர்ந்த மண்ணும் கடலே விளைத்த சுண்ணமும் அடுக்கடுக்காய்ப் படிந்து, ஆயிரக்கணக்கான மீட்டர் கனத்துக்கு நிறைந்துள்ள பெரும்பள்ளத்தை மன்னார்ப் படிவுப் படுகை என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் வழங்குகிறார்கள்.

சுமார் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் இலங்கையும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்தன. அக்கண்டம் பிளந்தபோது நமக்கும் இலங்கைக்கும் இடையே நிலம் இழுபட்டு, மெலிந்து, தாழ்ந்து, ஆயினும் முற்றும் பிரியாமல் நின்றுபோயிற்று. அந்தத் தாழ்வே இப்படுகை. பாபநாசத்துக்கு மேலேயுள்ள மலைகளின் புராதனப் பாறைகளுக்கு இலங்கையின் நடுமலைநாட்டிலும் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் சொந்தபந்தம் உண்டு என்பது எத்தனை வியப்புக்குரிய செய்தி!

நீரும் சேறும் மூடிய இப்பள்ளத்தைக் காண ஒலியே துணை. ஆய்வுக் கப்பல் மணிக்கு எட்டொன்பது கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகச் செல்ல, அதன் பின்னே நீருக்குள் இழுபடும் காற்றுத் துப்பாக்கிகள், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 140 மடங்கு அழுத்திவைத்த காற்றைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை குபீரென வெளிவிடும். அவ்வதிர்ச்சியில் ஒரு பங்கு கடலடியில் பட்டுத் திரும்பும். எஞ்சியது உட்புகுந்து, மணல் களிமண்ணாகவும் களிமண் சுண்ணப்பாறையாகவும் மாறும் எல்லைதோறும் சிறிது சிறிதாகத் திரும்பும். கப்பலின் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு மிதக்கும் கேபிளில் வரிசையாக அமைந்த ஒலிவாங்கிகள் அவை அனைத்தையும் பதிவுசெய்துகொள்ளும். கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்வதால், முதல் எதிரொலி 2 விநாடியில் திரும்பினால் அங்கே ஆழம் 1,500 மீட்டர். கடலடிக்குக் கீழே இக்கணக்கு அவ்வளவு சுலபமன்று; பாறைக்குப் பாறை வேகம் மாறுமாகையால், அவ்வேகத்தைச் சரிவர நிர்ணயிப்பதே இவ்வித்தையின் உயிர்நிலை என்பேன். புவியீர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பேதத்தையும் உணரும் கருவியும், காந்தமானியும் அக்கணக்கைச் சரிபார்க்க உதவுகின்றன.

ஹைதராபாத்தில் 1961-ல் தோன்றிய தேசிய புவிபௌதிக ஆராய்ச்சி நிலையமும், 1966-ல் தோன்றிக் கோவாவில் இயங்கும் தேசியக் கடலியல் நிலையமும் நம் நாட்டில் இத்தகைய ஆராய்ச்சிகளை நடத்துபவை. இதே படுகையின் இலங்கைப் பகுதியில் 2011-ல் துளையிட்ட கிணறுகளில் எரிவாயு அகப்பட்டது. எனினும் எதிரொலிகளைக் கொண்டு வரையும் இவ்வடுக்குகளின் படங்களை எண்ணெய்க் கம்பெனிகளின் சொத்தாக மட்டும் கருதுவது பிழை. கடல் ஏறியதும் இறங்கியதும், மலை தேய்ந்ததும் அவ்வடுக்குகளிலேயே பதிந்துள்ளன. தாமிரபரணிக் கரையில் பௌதிகம் பயிலும் மாணவர்கள், தங்கள் ஆறு கொண்டுபோன மண்ணின் சரித்திரத்தை ஆராயவாவது புவிபௌதிகத் துறையில் புக வேண்டும்.