காய்ச்சல் பில்லில் இல்லாத எண்

ஐப்பசி மழை பிடித்ததும் கடலூரிலும் சிதம்பரத்திலும் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். பில்லில் 'டெங்கு' என்று ஒரே சொல், எதிரே ஒரு தொகை. ஆனால் டெங்கு சோதனை ஒன்றல்ல. என்.எஸ்.1 சோதனை, வைரஸ் வெளியிடும் புரதத்தையே ரத்தத்தில் தேடுகிறது. காய்ச்சலின் முதல் ஐந்து நாள்களில் பலன் தரும். ஐ.ஜி.எம். சோதனை, உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது தெரியப் பெரும்பாலும் ஐந்து நாள் ஆகும். இரண்டாம் நாளே ஐ.ஜி.எம். மட்டும் பார்த்து, 'டெங்கு இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் இந்த வேறுபாடு பில்லின் எண்ணிலேயே தெரியும். அந்நாட்டு மருத்துவச் சங்கம் 1966-இல் தொடங்கிய சி.பி.டி. குறியீட்டுத் தொகுப்பில் சோதனைகளுக்கு ஐந்திலக்க எண்கள் உண்டு. கிருமியையே தேடினால் பெரும்பாலும் 87-இல் தொடங்கும். எதிர்ப்பொருள் என்றால் 86. எலிக்காய்ச்சல் எதிர்ப்பொருளுக்கு 86720. கொரோனா பி.சி.ஆருக்கு 87635, 2020 மார்ச்சில் அவசரமாகச் சேர்த்தார்கள். டெங்கு எதிர்ப்பொருளை 86790-இல் போடுகிறார்கள்: 'வேறிடத்தில் குறிப்பிடாத வைரஸ்'. நம்மை ஆண்டுதோறும் படுக்கவைக்கும் நோய் அவர்கள் கணக்கில் 'இதர'!

வேடிக்கை என்னவென்றால், அந்த அமெரிக்க பில்களுக்கு எண் போடுகிறவர்களில் பலர் நம் பிள்ளைகள். பட்டம் முடித்து, சென்னையில் 'மெடிக்கல் கோடிங்' வேலையில் இருப்பவர்கள். ஓர் இலக்கம் பிசகினால் காப்பீட்டு நிறுவனம் கிளெய்மைத் திருப்பிவிடும்.

இங்கே பில்லில் அப்படி எண் இல்லை; தனியார் கூடம் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பெயர், ஒரு விலை வைத்துக்கொள்கிறது. எதோடு எதை ஒப்பிடுவது? கொரோனா காலத்தில் இந்த நிலை மாறியது. தமிழக அரசு தனியார் கூடங்களுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். கட்டணத்தை 2020 ஜூனில் 3,000 ரூபாயாக நிர்ணயித்தது. 2021 மே மாதம் 900 ஆக்கியது. எந்தச் சோதனை என்று ஐயமில்லாமல் பெயர் இருந்ததால்தான் விலைக்கும் வரம்பு கட்ட முடிந்தது என்பது என் எண்ணம்.

காசு கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்கலாம்: என்.எஸ்.1-ஆ, ஐ.ஜி.எம்-ஆ? ஆய்வகத்தில் செய்யும் எலைசா முறையா, உடனடி அட்டைச் சோதனையா? இரண்டாவது கேள்விக்கு அரசுக் கணக்கிலும் இடமுண்டு. தேசிய டெங்கு வழிகாட்டுதல் இவ்விரண்டில் எலைசாவைத்தான் உறுதிப்படுத்தும் சோதனையாக ஏற்கிறது. அட்டையில் இரண்டு கோடு விழுந்தாலும் அது உறுதியான டெங்குக் கணக்கில் சேராது.