நாகசுரம் செய்யும் ஊரும் கேட்கும் ஊரும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் வழியில், ஆடுதுறையைத் தாண்டியதும் வரும் சிற்றூர் நரசிங்கம்பேட்டை. நாகசுரக் குழல் செய்யும் ஆசாரிமார் தலைமுறை தலைமுறையாக இங்கே பட்டறை வைத்திருக்கிறார்கள். இந்த ஊர்க் குழலுக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தித்தாள்கள் பாராட்டி எழுதின. அந்தப் பாராட்டில் ஒரு நம்பிக்கை கலந்திருந்தது: பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டதால் தொழிலும் பிழைத்துக்கொள்ளும் என்பது. அதை நான் ஏற்கவில்லை. நாகசுரப் பட்டறைக்கு மரமும் உளியும் எவ்வளவு தேவையோ, அந்தக் குழலை நேரில் நின்று கேட்கும் தெருவும் அவ்வளவு தேவை. இதை விளங்கிக்கொள்ள நாகசுரம் எப்படிச் செய்யப்படுகிறது, எப்படி ஒலிக்கிறது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

குழலின் உடலுக்கு உலவு என்று பெயர். அது ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. வறண்ட காடுகளில் வளரும் ஆச்சா, இந்திய மரங்களிலேயே மிகக் கனமானவற்றில் ஒன்று. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். ஆனால் புதிதாக வெட்டிய மரம் குழலுக்கு உதவாது. அதில் இருக்கும் ஈரம் பல ஆண்டுகளுக்கு மெல்ல மெல்ல வற்றும். வற்றும்போது மரம் சுருங்கும், முறுக்கிக்கொள்ளும், சில சமயம் வெடிக்கும். மரம் ஒரு மயிரிழை அசைந்தாலும் சுரம் விலகிவிடும். அதனால்தான் இடிக்கப்படும் பழைய வீடுகளின் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குகிறார்கள். மூன்று தலைமுறை வெயிலையும் மழையையும் பார்த்த மரம் இனி அசையாது. அதை அறுத்து, செதுக்கி, கடைசலில் ஏற்றி உருட்டுகிறார்கள். பிறகு நீண்ட இரும்புத் துளைகருவிகளைச் சிறிதிலிருந்து பெரிதாக ஒவ்வொன்றாகச் செலுத்தி உட்துளையைத் திறக்கிறார்கள். மேல்முனையில் ஒடுங்கியும் கீழே வரவர அகன்றும் அந்தத் துளை அமைய வேண்டும். கடைசியில் அணசு என்னும் புனல் போன்ற வாய் பொருத்தப்படும். இந்தக் கூம்பு வடிவத்தில்தான் கருவியின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது.

நாகசுரத்தில் விரலுக்கு ஏழு துளைகள். கீழ்ப்பகுதியில் இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றை விரல் தொடாது. மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்ய அவை பயன்படுகின்றன. ஏழே துளைகளைக் கொண்டு இரண்டு, இரண்டரை ஸ்தாயி வாசிப்பது எப்படி? கிளாரினெட் போல ஒரே அகலமுள்ள குழலில் ஊதலை அழுத்தினால், ஒலி ஒரு ஸ்தாயியைத் தாண்டி அதற்கு மேலுள்ள பஞ்சமத்துக்குத் தாவும். இடையில் விழும் சுரங்களுக்காகக் கூடுதல் துளைகளும் சாவிகளும் வேண்டியிருக்கும். கூம்புக் குழலில் அதே அழுத்தம் நேராக மேல் ஸ்தாயியின் அதே சுரத்துக்கு ஏற்றிவிடும். ஆகவே ஒரே விரலமைப்பு இரண்டு ஸ்தாயிக்கும் பொருந்துகிறது. ஷெனாய்க்கும் மேலைநாட்டு ஓபோவுக்கும் இந்த இயல்பு உண்டு. ஆனால் ஓபோவில் உள்ள சாவிகள் நாகசுரத்தில் இல்லை. துளையைப் பாதி மூடியும், உதட்டின் பிடியையும் மூச்சின் அழுத்தத்தையும் நூலளவு மாற்றியும்தான் வாசிப்பவர் அரைச்சுரங்களையும் கமகங்களையும் பிறப்பிக்கிறார். சாவி வைத்த கருவி சுரங்களைப் படிப்படியாகப் பிரித்துத் தரும். நாகசுரம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல விடுகிறது. நம் ராகங்கள் வாழ்வது அந்த வழுக்கலில். வாய்ப்பாட்டுக்கு இவ்வளவு அருகில் வரும் ஊதுகருவி மிகவும் அரிது.

வாய்வைத்து ஊதும் சீவாளி தனியொரு தொழில். காவிரிக் கரைகளில் விளையும் கொறுக்கைத் தட்டை என்னும் நாணலை அறுத்துக் காயவைத்து, வேகவைத்துப் பதப்படுத்தி, இரண்டு மெல்லிய இதழ்களாகப் படியவைத்து, கெண்டை என்னும் சிறு உலோகக் குழாயின் மேல் நூலால் கட்டுகிறார்கள். நரசிங்கம்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவாவடுதுறை சீவாளிக்குப் பெயர் பெற்றது. ஊதும்போது இந்த இதழ்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை மூடித் திறந்து காற்றைத் துண்டு துண்டாகக் குழலுக்குள் அனுப்புகின்றன. எச்சில் ஈரத்தில் ஊறியும், பல்லும் உதடும் பட்டும் சீவாளி சீக்கிரமே தேய்ந்துவிடும். அதனால்தான் குழலின் கழுத்திலிருந்து மாற்றுச் சீவாளிகள் தொங்குகின்றன. இங்கே கவனிக்க வேண்டிய ஒரு பொருளாதாரம் இருக்கிறது. நல்ல உலவு ஒன்று வாசிப்பவரின் ஆயுள் முழுதும் உழைக்கும். ஆகவே குழல் செய்பவரின் பிழைப்பு, புதிதாக எத்தனை பேர் கற்க வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சீவாளி செய்பவரின் பிழைப்போ எத்தனை மணி நேரம் வாசிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. கச்சேரி குறைந்தால் முதலில் அடிபடுவது சீவாளி. கச்சேரியைக் கேட்டு ஆசைப்படும் பிள்ளைகள் குறைந்தால் அடுத்து அடிபடுவது உலவு. விருதும் சான்றிதழும் இந்தக் கணக்கை மாற்றிவிடாது.

கேட்கும் சூழல் கருவியின் உருவத்தையே மாற்றியிருக்கிறது என்பதற்கு இதே ஊரில் சான்று இருக்கிறது. பழைய நாகசுரம் திமிரி. குட்டையானது, நாலரை ஐந்து கட்டைச் சுருதியில் ஒலிப்பது. கோயில் வீதியில் கூட்டத்தின் இரைச்சலை மீறி எட்ட வேண்டிய ஒலிக்கு அந்த உச்சம் பொருத்தமாக இருந்தது. ஆனால் திமிரியில் சுத்த மத்தியமம் இயல்பாக விழாது. வாசிப்பவர் மூச்சாலும் விரலாலும் அதை வரவழைக்க வேண்டியிருந்தது. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக இருந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கேட்ட வகையில், நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி நீளமான பாரி நாகசுரத்தைச் செய்து கொடுத்தார். இரண்டரை அடிக்கு மேல் நீளம், இரண்டு இரண்டரைக் கட்டைச் சுருதி, சரியாக நிற்கும் சுத்த மத்தியமம். துளை ஒன்றின் இடத்தைச் சற்றே நகர்த்தினால் மற்ற சுரங்களும் அசையும் என்பதால், இது ஒரே நாளில் கண்டுபிடிக்கக்கூடியதாக இருந்திருக்க முடியாது. செய்து, ஊதி, குறை சொல்லி, மீண்டும் செய்து பார்க்கும் நெருக்கம் இருவருக்கும் வேண்டும். செய்பவரும் வாசிப்பவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தது தற்செயலான நன்மை அல்ல. அந்த வட்டாரத்துக் கோயில்களும் ஆதீனமும் வித்துவான்களை அங்கே வாழவைத்ததால்தான் பட்டறையும் அங்கே நின்றது.

பாரி பிறந்தது மேடைக்காகத்தானே, ஒலிபெருக்கி வந்த பிறகு தெருவின் தேவை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. ஆனால் மேடையில் தோடியை மணிக்கணக்கில் விரித்த ராஜரத்தினம் பிள்ளையின் ஞானம் எங்கே முதிர்ந்தது? சுவாமி புறப்பாட்டின் இரவுகளில்தான். திருவிழாவில் சுவாமி எழுந்தருளும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிக்கப்படும். அதற்குச் சாகித்தியம் இல்லை. தவிலோடு சேர்ந்து காலங்களை மாற்றிக் காட்டும் லய அமைப்பு அது. தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று மல்லாரியில் வகைகள் உண்டு. ஊர்வலம் நகரும்போது ஒரு வாசிப்பு. தெருமுனையில் நிற்கும்போது நீண்ட ராக ஆலாபனை. விடியலில் பூபாளம், பள்ளியறையில் நீலாம்பரி. வாசிப்பவருக்கு இங்கே நேரக்கட்டுப்பாடு இல்லை. கேட்பவருக்குச் சீட்டு இல்லை. திண்ணையில் உட்கார்ந்த மூதாட்டியும், தீவட்டி பிடித்தவரும், உறக்கம் வராத குழந்தையும் ஒரே ராகத்தை ஆண்டுக்கு ஆண்டு கேட்டார்கள். இப்படிப் பழகிய செவிகள்தாம் நல்ல வாசிப்பையும் சுமாரான வாசிப்பையும் பிரித்தறிந்தன. அந்தப் பகுப்பு வித்துவானை நெருக்கியது. வித்துவான் பட்டறையை நெருக்கினார். யாழ்ப்பாணத்திலும் இதுவே நடந்தது. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாகசுரத்தையும் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் வளர்த்தவை அங்குள்ள கோயில் வீதிகளில் விடிய விடிய நடந்த மேளக் கச்சேரிகள்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். ஒலிப்பதிவுதான் நாகசுரத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது என்பார்கள். உண்மைதான். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலமும், 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பா’ளில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களும் வாசித்தவற்றைக் கேட்காத தமிழர் குறைவு. ஆனால் அந்தப் படங்கள் கோயிலிலும் கல்யாணப் பந்தலிலும் ஏற்கெனவே விளைந்திருந்த இசையை அறுவடை செய்தன. ஒரு பதிவைப் பத்தாயிரம் தடவை ஒலிக்கவிட்டாலும் ஒரு சீவாளிகூடத் தேயாது. தொழிலின் கண்ணிலிருந்து பார்த்தால் பதிவுக்கும் நேர்வாசிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கோயில்களில் மின்சாரத்தில் இயங்கும் மணி முரசு இயந்திரங்கள் வந்ததும் இதே கதைதான். ஆள் கிடைக்கவில்லை என்பதற்காக அவை வந்தன. அவை வந்ததால் ஆளை வளர்க்க வேண்டிய அவசியமும் போனது.

இன்னொரு வாதம், கணினிக் கடைசலில் ஒரே அளவில் ஆயிரம் குழல்கள் செய்துவிடலாமே என்பது. கடைசலுக்கு மோட்டார் வந்தபோது யாரும் வருந்தவில்லை, வருந்தவும் தேவையில்லை. உடலை வருத்தும் வேலையை இயந்திரம் ஏற்கட்டும். ஆனால் ஒரு தூணின் மரம் இன்னொரு தூணின் மரம் அல்ல. இறுதித் திருத்தம் ஊதிப் பார்த்துத்தான் செய்யப்படுகிறது. ஊதத் தெரிந்தவரும், ஊதுவதைக் கேட்டுக் குறை சொல்லத் தெரிந்தவரும் இல்லாத இடத்தில் துல்லியமான அளவும் பயன்படாது. புவிசார் குறியீடும் அப்படியே. அந்தப் பெயரில் வேறிடத்துப் பண்டத்தை விற்பதை அது தடுக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் தொடரும். வாங்குபவரை அது உருவாக்காது.

மிகக் கனமான எதிர்வாதம் சாதியைப் பற்றியது. நாகசுரத்தைப் போற்றுவது, யார் எங்கே நின்று வாசிக்கலாம், யார் எதைக் கற்கலாம் என்று விதித்த பழைய ஊரைப் போற்றுவதாகாதா? இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. அந்த ஊர் பலரை வெளியே நிறுத்தியது. வித்துவானையேகூட மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கவைத்தது. மற்ற இசைக்கலைஞர்களுக்கு உரிய மதிப்பை ராஜரத்தினம் பிள்ளை போராடிப் பெற வேண்டியிருந்தது. ஆனால் அந்த விதிகள் கருவியின் இயல்பிலிருந்து வந்தவை அல்ல. மதுரை பொன்னுத்தாய் என்ற பெண் இதை வாசித்துப் புகழ் பெற்றார். ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அங்கே மாணவர் பரம்பரையை உருவாக்கினார். காலீஷாபி, ஷேக் மஹபூப் சுபானி தம்பதியருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கதவு எவ்வளவு திறந்ததோ அவ்வளவுக்குக் கலை வளர்ந்தது என்பதே வரலாறு காட்டுவது. தெருவைக் காக்க வேண்டும் என்று நான் சொல்வது எல்லோருக்கும் திறந்த தெருவை. பழைய காவலை மீட்கச் சொல்லவில்லை.

சத்தம் அதிகம் என்ற குறையும் உண்டு. மின்பெருக்கியில்லாமல் வாசிக்கப்படும் மரக்கருவிகளில் நாகசுரம் மிக உரத்தவற்றுள் ஒன்றுதான். மூடிய கல்யாண மண்டபத்தில் ஒலிவாங்கியை அணசுக்கு நேரே வைத்துப் பெருக்கினால் யாருக்கும் காது வலிக்கும். திறந்தவெளிக்குப் பிறந்த கருவியை அறைக்குள் அடைத்துப் பெருக்கிவிட்டுக் கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நரசிங்கம்பேட்டைப் பட்டறைக்கு அழைத்துப் போய், மரம் குழலாவதைக் காட்டலாம். சீவாளி கட்டுபவரைப் பள்ளிக்கு வரவழைத்து ஒரு நாள் பயிற்சி நடத்தலாம். தன் சீவாளியைத் தானே சீவத் தெரிந்த மாணவர், கருவியை விட்டு எளிதில் விலகமாட்டார். மரத்தைப் பற்றியும் இப்போதே யோசிக்க வேண்டும். இடிபடும் வீடுகள் முடிவில்லாதவை அல்ல. ஆச்சா மரத்தை இன்று வாங்கி உலரப் போட்டால்தான் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது குழலுக்குப் பதமாகும். அந்தக் காத்திருப்பைத் தாங்கும் முதல் சிறு பட்டறைகளிடம் இல்லை. அரசோ அறக்கட்டளைகளோதான் அதை ஏற்க முடியும்.

மீதி நம் கையில் இருக்கிறது. திருமணத்தில் கெட்டிமேளத்துக்கு மட்டும் மேளகாரரைத் தேடாதீர்கள். முதல்நாள் மாலை வரவேற்பில் ஒரு மணி நேரம் அவருக்குக் கொடுங்கள். ஒலிபெருக்கிப் பாட்டை நிறுத்துங்கள். ஒரு ராகத்தை அவர் விருப்பப்படி விரிக்கச் சொல்லுங்கள். பேசிய தொகையைப் பேரம் பேசாமல், வாசித்து முடித்த இடத்திலேயே கொடுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாக் குழுவில் இருந்தால், புறப்பாடு தெருமுனையில் நிற்கும் நேரத்தை ஆலாபனைக்கு விட்டுவையுங்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.