உங்களுக்குத் தெரியுமா? பேய்ப் பட இதழ்கள்

பேய்ப் படம் பார்த்துவிட்டுப் போர்வைக்குள் ஒளிந்துகொள்பவர்கள் ஒரு ரகம். மறுநாள் காலையில் அந்தப் பேய்க்கு மேக்கப் போட்டது யார், கோரைப் பல்லை எதில் செய்தார்கள் என்று தேடக் கிளம்புபவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்காகவே பத்திரிகைகள் நடந்திருக்கின்றன, இன்றும் நடக்கின்றன. இந்த வாரம் அவற்றைப் பற்றி.

● பேய்ப் பட இதழ்களுக்கெல்லாம் தாத்தா, அமெரிக்காவில் 1958 பிப்ரவரியில் வெளிவந்த ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லாண்ட்’. விலை 35 சென்ட். ஒரே ஒரு இதழ் போட்டு, கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்பதுதான் பதிப்பாளர் ஜேம்ஸ் வாரனின் கணக்கு. பனி கொட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் பையன்கள் கடைக்குப் போய் வாங்கித் தீர்த்தார்கள். ‘ஒரே ஒரு இதழ்’ 1983 வரை ஓடியது.

● முதல் இதழின் அட்டையில் ஒரு பெண்ணோடு நிற்கும் ஃபிராங்கன்ஸ்டைன் பூதம் யார்? வாரனேதான். ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் போய் நின்றுவிட்டார்.

● ஆசிரியர் ஃபாரஸ்ட் ஜே அக்கர்மன் அறிவியல் புனைகதை ரசிகர், பழைய படங்களின் ஸ்டில்களை வீடு நிறையச் சேர்த்து வைத்திருந்தவர். முதல் இதழுக்கு அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த வாரன் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்தாராம். தனக்குப் பதினொன்றரை வயது, தான்தான் உன் வாசகன், என்னைச் சிரிக்க வை என்பது அதில் எழுதியிருந்ததன் சாரம். அக்கர்மன் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் சிலேடை. தன்னையே ‘டாக்டர் அக்யுலா’ என்று அழைத்துக்கொண்டார். ஹாலிவுட், கலிஃபோர்னியா என்ற முகவரியை ‘ஹாரர்வுட், கார்லாஃபோர்னியா’ ஆக்கினார். நடுவில் நைசாக நுழைந்திருப்பவர் நடிகர் போரிஸ் கார்லாஃப்! பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் கடி ஜோக்குகள்தான். ஆனால் பதினொன்றரை வயதுக்கு அதைவிட என்ன வேண்டும்?

● இந்த யோசனைக்கு வித்து பாரிஸில் கிடைத்தது. ஐரோப்பா போயிருந்த அக்கர்மன், விசித்திரப் படங்களுக்கென்று ‘சினிமா 57’ என்ற பிரெஞ்சு இதழ் போட்டிருந்த சிறப்பிதழை வாங்கி வந்தார். அதைப் பார்த்துத்தான் வாரனுக்குப் பொறி தட்டியது.

● சரி, அந்த நேரத்தில் ஏன் அப்படி விற்றது? காரணம் தொலைக்காட்சி. யுனிவர்சல் ஸ்டுடியோவின் பழைய திகில், மர்மப் படங்களில் 52-ஐப் பொறுக்கி, ‘ஷாக்’ என்று பெயர் வைத்து, 1957-இல் ஒரே கட்டாக நிலையங்களுக்கு விற்றார்கள். ஊருக்கு ஊர் நள்ளிரவுக் காட்சி. ஒவ்வோர் ஊரிலும் படத்துக்கு முன்னும் பின்னும் வந்து கேலி பேச, வேஷம் கட்டிய ஒரு தொகுப்பாளர். ஃபிலடெல்ஃபியாவில் ஜான் சாக்கர்லி கறுப்புக் கோட்டும் வெளிறிய முகமுமாக வந்து அதகளம் செய்தார். தாத்தா காலத்து டிராகுலா பேரன்களுக்குப் புது நட்சத்திரம் ஆனார்.

இங்கேதான் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அன்றைக்கு வீடியோ கேசட் கிடையாது. தூக்கம் கண்ணைச் செருகிவிட்டால் படம் போனதுதான், மறுபடி எப்போது போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்பா பத்து மணிக்கே பெட்டியை அணைத்துவிடும் வீடுகளில் அந்த வாய்ப்பும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் படம் என்றால் இதழில் வந்த ஸ்டில்தான். ஒரு படத்தின் முழுக் கதையையும் வரிசையாக ஸ்டில் வைத்துச் சொல்லும் பகுதிகளும் இதழில் வந்தன. இரண்டு ஸ்டில்லுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்பதைப் பையனே மனசுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த இதழின் வாசகர்களில் அத்தனை பேர் பிற்பாடு இயக்குநர்கள் ஆனதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. பார்த்திருந்தால் ரசிகர்களாகவே நின்றிருப்பார்கள். பார்க்கக் கிடைக்காததால் தாங்களே எடுக்க வேண்டியதாயிற்று.

● யாராலுமே பார்க்க முடியாத படத்துக்கும் ரசிகர்கள் உண்டு. லான் சேனி நடித்த ‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ 1927-இல் வந்தது. கடைசியாக இருந்ததாகத் தெரிந்த பிரதியும் 1960-களில் எம்.ஜி.எம். கிடங்கு தீ விபத்தில் போய்விட்டது. உயரத் தொப்பியும் ரம்பப் பற்களுமாகச் சேனி இளிக்கும் ஸ்டில்கள் மட்டும் தப்பின. அந்தப் படங்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டே, இல்லாத படத்தை இதழ்கள் பிரபலமாக்கிவிட்டன.

● பையன்கள் அந்த இதழைக் கடைக்கு வெளியிலிருந்தே அடையாளம் கண்டுகொண்டதற்குக் காரணம் பேஸில் கோகோஸ். எகிப்தில் பிறந்த கிரேக்க வம்சாவளி ஓவியர். மூலப் படங்கள் கறுப்பு வெள்ளை, கையில் கொடுக்கப்படும் ஸ்டில்களும் கறுப்பு வெள்ளை. ஆகவே நிறம் முழுக்க அவர் இஷ்டம். ஒரு கன்னத்தில் பச்சை, மறு கன்னத்தில் சிவப்பு, நெற்றியில் மஞ்சள் என்று நாலு பக்கமும் வண்ண விளக்கு போட்டது மாதிரி தீட்டினார். அவர் தீட்டிய பூதங்களின் முகத்தில் ஒரு சோகமும் இருக்கும். பயமுறுத்த நிறையப் பேரால் முடியும், பூதத்தின் மேல் பரிதாபம் வரவைக்க இவரைப் போல் சிலரால்தான் முடிந்தது. அட்டையைத் திருப்பினால் உள்ளே சாதாக் காகிதம், கறுப்பு வெள்ளை. பணமெல்லாம் அட்டையோடு சரி.

● இதழின் பின்பக்கங்கள் ஒரு தனிக் கடைத்தெரு. ‘கேப்டன் கம்பெனி’ என்ற பெயரில் வாரன் நடத்திய அஞ்சல் வழி வியாபாரம் அது. முகமூடி, பிளாஸ்டிக் பூதப் பொம்மை, பழைய இதழ், முழுப் படத்தைச் சில நிமிஷத்துக்குச் சுருக்கிய 8 எம்.எம். ஃபிலிம் சுருள் எல்லாம் கிடைக்கும். கூப்பனை வெட்டி அனுப்ப வேண்டும். அதனால்தான் பக்கம் வெட்டப்படாத பழைய இதழுக்குச் சேகரிப்பாளர்களிடம் இவ்வளவு மதிப்பு.

● அங்கே விளம்பரமான முகமூடிகளில் பெயர்பெற்றவை டான் போஸ்ட் ஸ்டுடியோ தயாரிப்புகள். 1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தின் கொலைகாரன் மாட்டியிருப்பதும் அந்தக் கம்பெனி முகமூடிதான். ஆனால் அது பேய் முகமூடி அல்ல. ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகம்! 2 டாலருக்கும் குறைவாக வாங்கி, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்துவிட்டார்கள்.

● தனக்குப் பிடிக்காத மிக மோசமான பேய்ப் படங்கள் ஐம்பதைப் பட்டியல் போட்டு ஒரு பள்ளிப் பையன் கடிதம் அனுப்பினான். அக்கர்மன் அதைக் கட்டுரையாகவே 1962-இல் 18-ஆம் இதழில் போட்டுவிட்டார். பையன் பெயர் ஜோ டான்டே. பிற்பாடு ‘கிரெம்லின்ஸ்’ எடுத்தவர். அவருடைய ‘தி ஹவ்லிங்’ (1981) படத்தில் ஒரு புத்தகக் கடைக் காட்சி வரும். அங்கே இதழைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெரியவர் அக்கர்மன்.

● அக்கர்மனின் இன்னொரு இதழ் ‘ஸ்பேஸ்மென்’. அதற்கு ஒரு சிறுவன் கதை அனுப்பினான். பிரசுரமாகவில்லை. சுமார் இருபது வருஷம் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸ் புத்தகக் கடை ஒன்றில் பிரபல எழுத்தாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற அக்கர்மன் நீட்டியது புத்தகத்தை அல்ல, அந்தப் பழைய தட்டச்சுப் பிரதியை. எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங். நிராகரித்த கதையைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆசிரியர்கள் உலகத்தில் எத்தனை பேர்?

● அவர் எதைத்தான் தூக்கிப் போட்டார்! 18 அறைகள் கொண்ட அவர் வீட்டுக்கு ‘அக்கர்மேன்ஷன்’ என்று பெயர். புத்தகம், ஸ்டில், முகமூடி, பொம்மை என்று இண்டு இடுக்கெல்லாம் சாமான். விரலில் பெலா லுகோசி டிராகுலாவாக நடித்தபோது போட்ட மோதிரம். சனிக்கிழமைகளில் கதவு திறந்திருக்கும், ரசிகர்கள் சும்மாவே போய்ப் பார்க்கலாம். முதுமையில் வழக்குச் செலவும் வைத்தியச் செலவும் சேர்ந்து நெருக்க, பெரும்பகுதியை விற்றுவிட்டு 2002-இல் சின்ன வீட்டுக்கு மாறினார். 2008-இல் 92 வயதில் இறந்தார்.

● 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு எதிர்கால மனிதன் வேஷத்தில் போனவரும் இவர்தான். ரசிகர் மாநாடுகளில் இன்றைக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வேஷம் கட்டி வருகிறார்களே, அதற்குப் பிள்ளையார் சுழி.

● மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ வீடியோவில் தியேட்டர் காட்சியை மறுபடி பாருங்கள். ஜாக்சனுக்குப் பின்னால் பாப்கார்ன் கொறிப்பவர்? ஆமாம், அவரேதான்.

● மேக்கப் கலைஞர்கள் தொழில் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலத்தில், டிக் ஸ்மித் நேர்மாறாக நடந்துகொண்டார். 1965-இல் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ சிறப்பு வெளியீடாக, பூத மேக்கப்பை வீட்டிலேயே போட்டுக்கொள்வது எப்படி என்று படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) படத்தில் நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்த மாக்ஸ் வான் சிடோவைக் கிழப் பாதிரியாராக நம்பவைத்தவர். எழுதிக் கேட்கும் சிறுவர்களுக்குப் பதிலும் போடுவார். ஜே.ஜே. ஏப்ராம்ஸ் சிறுவனாகக் கடிதம் எழுதியபோது, ‘எக்ஸார்சிஸ்ட்’ படத்துக்குச் செய்த செயற்கை நாக்கு ஒன்றையே பார்சலில் அனுப்பிவிட்டார்.

● ஸ்மித்திடம் உதவியாளராகச் சேர்ந்த ரிக் பேக்கரும் அந்த இதழ்களைப் படித்து வளர்ந்தவர். மேக்கப்புக்கென்று தனிப் பிரிவாக ஆஸ்கர் தொடங்கியபோது, 1982-இல் முதல் விருது அவருக்குத்தான், ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ படத்துக்காக. மொத்தம் ஏழு ஆஸ்கர் வாங்கினார். ‘திரில்லர்’ வீடியோவில் ஜாக்சனை ஓநாய் மனிதனாக்கிய கையும் அவருடையதே.

● மெக்ஸிகோவில் ஒரு சிறுவன் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ இதழை வாங்கிவிட்டான். இங்கிலீஷ் தெரியாது. அகராதியை வைத்துக்கொண்டு அக்கர்மனின் கடி ஜோக்குகளோடு மல்லுக்கட்டியே மொழியைக் கற்றான். அவர்தான் ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய கியெர்மோ டெல் டோரோ. 2025-இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தையும் எடுத்து முடித்தார்.

● அமெரிக்கக் காமிக்ஸ்களுக்கு 1954-இல் ஒரு கட்டுப்பாட்டு விதிமுறை வந்தது. ரத்தக்காட்டேரி, நடைப்பிணம் எல்லாவற்றுக்கும் தடை. வாரன் சுற்றுவழி கண்டுபிடித்தார். பெரிய அளவில், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் அது காமிக்ஸ் அல்ல, ‘பத்திரிகை’. அந்த விதி தொடாது. இப்படி 1964-இல் வந்ததுதான் ‘க்ரீப்பி’.

● பிரான்ஸில் இதே சரக்கு இலக்கியப் பத்திரிகை தோரணையில் வந்தது. 1962-இல் தொடங்கிய ‘மிடி மினுயி ஃபான்டாஸ்டிக்’, பாரிஸ் தியேட்டர் ஒன்றின் பெயரைச் சூடிக்கொண்டது. முதல் இதழ் முழுக்க பிரிட்டிஷ் இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷருக்கே. அவர் ஊர் விமர்சகர்கள் அவரைப் பொருட்படுத்தாத காலம் அது.

● பிரிட்டனில் 1976-இல் டெஸ் ஸ்கின் ‘ஹவுஸ் ஆஃப் ஹேமர்’ தொடங்கினார். ஹேமர் கம்பெனிப் படங்களுக்குப் பெரும்பாலும் ‘எக்ஸ்’ சான்றிதழ். பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு தியேட்டரில் இடமில்லை. ஸ்கின் அந்தப் படங்களையே காமிக்ஸாக வரைந்து போட்டார். பள்ளிக்கூடப் பைக்குள் டிராகுலா ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். இதே ஸ்கின் பிறகு நடத்திய ‘வாரியர்’ இதழில்தான் ‘வி ஃபார் வெண்டெட்டா’ தொடராகத் தொடங்கியது.

● 1979-இல் வந்த ‘ஃபேங்கோரியா’வுக்கு முதலில் வைக்க நினைத்த பெயர் ‘ஃபான்டாஸ்டிகா’. வேறொரு பத்திரிகையின் பெயரை ஒத்திருக்கிறது என்று வழக்கு வரவே மாற்றினார்கள். முதல் அட்டையில் காட்ஸில்லா. உள்ளே ‘டான் ஆஃப் தி டெட்’ படத்துக்கு டாம் சவினி செய்த ரத்தக்களரி மேக்கப் பற்றிய கட்டுரையும் இருந்தது. வாசகர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான். தேவதைக் கதை, வேற்றுக்கிரகக் கதை எல்லாம் ஓரம் போயின, ரத்தம் நடுப்பக்கத்துக்கு வந்தது. சவினி வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர். 2015-இல் அச்சு நின்றுபோன இதழ், 2018-இல் காலாண்டிதழாக மறுபடி எழுந்தது. செத்தது எழுவது அவர்களுக்குப் புதிதா என்ன!

● எனக்கு மிகப் பிடித்தது ‘வீடியோ வாட்ச்டாக்’. சின்சினாட்டி நகரத்தில் டிம் லூக்காஸ், டோனா லூக்காஸ் தம்பதி 1990 முதல் நடத்தியது. ஒரே படத்தின் அமெரிக்கக் கேசட்டில் எத்தனை விநாடி வெட்டு, ஐரோப்பியக் கேசட்டில் எந்தக் காட்சி அதிகம் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். இத்தாலிய இயக்குநர் மரியோ பாவா பற்றி டிம் எழுதிய புத்தகம் 1,100 பக்கத்துக்கு மேல். 184 இதழ்கள் கொண்டுவந்து 2017-இல் நிறுத்திக்கொண்டார்கள்.

● ஹேமர் படங்களுக்கென்றே அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலிருந்து ஓர் இதழ் வருகிறது, ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’. 1972-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் கம்பெனிக்கு மக்காச்சோள தேசத்தில் ரசிகர் மன்றம்!

● கடைசியாக, பழைய இதழ் வாங்க நினைப்பவர்களுக்கு. ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ 69-ஆம் இதழுக்கு அடுத்து வந்தது 80-ஆம் இதழ். வாரன் முன்பு நடத்திய ‘மான்ஸ்டர் வேர்ல்டு’ பத்து இதழ்களையும் கணக்கில் சேர்த்து எண்ணைத் தாண்டிவிட்டார்கள். எனவே 1970-இல் அச்சான அசல் 75-ஆம் இதழ், மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்று யாராவது விலை பேசினால், பர்ஸை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.