திறந்த அணுக்க ஆய்வு நூல்: நம்பகமான பதிப்பகத்தை அறிவது எப்படி?

அமீர்பேட் (ஐதராபாத்): ‘உங்கள் ஆய்வேட்டை நூலாக வெளியிடத் தயார்’ என்னும் மின்னஞ்சல் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பலருக்கும் வருகிறது. நூலை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பது அதன் ஈர்ப்பு. ஆனால், செலவை ஏற்பவர் யார், தரத்தைச் சரிபார்ப்பவர் யார் என்பவற்றைப் பதிப்பகம் முன்கூட்டியே தெரிவிக்கிறதா என்பதே முக்கியக் கேள்வி.

செலவு யாருடையது?

வாசகரிடம் பணம் பெறாமல் ஆய்வு நூல்களை இணையத்தில் வெளியிடுவதே திறந்த அணுக்க முறை. எனினும், மெய்ப்புத் திருத்தம், பக்க வடிவமைப்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. இதற்காகப் பல பதிப்பகங்கள் ஆசிரியரிடமோ அவரது நிறுவனத்திடமோ கட்டணம் பெறுகின்றன. கட்டணம் பெறுவது தவறன்று. அதை மறைப்பதே தவறு. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் 2008-இல் தொடங்கப்பட்ட ‘ஓபன் புக் பப்ளிஷர்ஸ்’, நூலக உறுப்பினர் கட்டணம், அச்சுப்பிரதி விற்பனை போன்றவற்றைக் கொண்டு இயங்குகிறது.

ஐதராபாத் தரும் பாடம்

ஐதராபாத்தைச் சேர்ந்த ஆய்விதழ் பதிப்பகமான ‘ஓமிக்ஸ்’ மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2016-இல் வழக்குத் தொடர்ந்தது. முறையான சக அறிஞர் மதிப்பாய்வு நடைபெறவில்லை, கட்டணம் முன்னதாகத் தெரிவிக்கப்படவில்லை, ஒப்புதலின்றி அறிஞர்களின் பெயர்கள் ஆசிரியர் குழுவில் சேர்க்கப்பட்டன என்பன முக்கியக் குற்றச்சாட்டுகள். நிறுவனம் இவற்றை மறுத்தது. எனினும், 2019 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்துமாறு உத்தரவிட்டது.

கவனிக்க வேண்டியவை

* உரிமையாளர், முகவரி, ஆசிரியர் குழு ஆகிய விவரங்கள் இணையதளத்தில் இருக்க வேண்டும். குழுவில் உள்ள ஒருவரிடமேனும் நேரில் உறுதிப்படுத்திக்கொள்வது நலம்.

* கையெழுத்துப் பிரதியை அனுப்பும் முன்பே கட்டணமும், அதற்கான சலுகைகளும் தெரிய வேண்டும்.

* மதிப்பாய்வு நடைபெறும் முறை, பதிப்புரிமை, பயன்பாட்டு உரிமம், பிழை கண்டால் திருத்தும் வழி ஆகியவை எழுத்து வடிவில் இருக்க வேண்டும்.

* பதிப்பகம் மூடப்பட்டாலும் நூல் கிடைப்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இருக்க வேண்டும்.

பன்னாட்டுத் தர நூல் எண் (ஐ.எஸ்.பி.என்.) இருப்பது மட்டும் தரச்சான்று ஆகாது. அது நூலை அடையாளம் காண்பதற்கான எண் மட்டுமே. இந்தியாவில் அது கட்டணமின்றி வழங்கப்படுகிறது. திறந்த அணுக்க நூல்களுக்கான ‘டோஆப்’ என்னும் பன்னாட்டு அடைவில் பதிப்பகம் இடம்பெற்றுள்ளதா என்று பார்ப்பது கூடுதல் உதவியாகும்.

இவ்விவரங்களைக் கேட்டும் தெளிவான பதில் அளிக்காத பதிப்பகத்துக்குப் பணம் செலுத்தாமலும், உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலும் இருப்பதே ஆய்வாளருக்குப் பாதுகாப்பு.