உங்களுக்குத் தெரியுமா? ஆட்டிசம்: உள்ளேயிருந்து எழுதியவர்கள்

● ஆட்டிசம் பற்றிய புகழ்பெற்ற முதல் மருத்துவக் கட்டுரை 1943-இல் வந்தது. எழுதியவர் அமெரிக்காவில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர். 11 குழந்தைகளைப் பார்த்து எழுதினார். முதல் குழந்தை, மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்ட். அவனுடைய அப்பா மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் ஒன்றை டாக்டருக்கு அனுப்பியிருந்தார். என்ன சாப்பிடுவான், எதை எடுத்துச் சுற்றிவிடுவான், எதற்குக் கோபப்படுவான் என்றெல்லாம் அதில் இருந்தது. ஏன் அப்படிச் செய்கிறான் என்பது மட்டும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவன் டொனால்ட் ஒருவன்தான். அவனுக்கு அப்போது ஐந்து வயது.

● அந்த ‘ஏன்’ புத்தகமாக வர 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு, ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். மூன்றரை வயது வரை பேச்சே வராதவர் அவர். ஆட்டிசம் உள்ளவருக்குச் சொல்வதற்கு ‘உள்ளே’ என்று ஒன்று இருக்கும் என்றே மருத்துவ உலகம் அதுவரை நினைக்கவில்லை என்று நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதியிருக்கிறார். இந்த இடைவெளியில் ஆட்டிசத்துக்கான பழியெல்லாம் அம்மாக்கள் தலையில் விழுந்தது. பெற்றவளின் பாசம் வற்றிப்போனதுதான் காரணம் என்று 1967-இல் ப்ரூனோ பெட்டல்ஹைம் என்பவர் ஒரு புத்தகமே போட்டார். அது முழுத் தவறு. எத்தனை தாய்மார்கள் அதை நம்பி ராத்திரியெல்லாம் அழுதார்களோ!

● யாராவது அணைத்தால் கிராண்டின் திமிறிக்கொண்டு ஓடிவிடுவார். பாசமில்லாத பிள்ளை என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அவர் எழுதிய பிறகுதான் தெரிந்தது, அணைப்புக்காக அவர் ஏங்கிக் கிடந்திருக்கிறார். ஆனால் இன்னொருவர் வந்து அணைக்கும்போது பெரிய அலை வந்து மூழ்கடிப்பதுபோல இருந்திருக்கிறது. பதின்ம வயதில் அரிசோனாவில் அத்தையின் பண்ணைக்குப் போனார். அங்கே தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை ஒவ்வொன்றாக ஒரு கூண்டில் நிறுத்தினார்கள். இரண்டு பக்கத் தட்டிகளும் நெருங்கி வந்து விலாவை அழுத்தியதும் மிரண்டு நின்ற சில மாடுகள் சாந்தமாயின. கிராண்டின் தானே அதற்குள் போய் நின்றுகொண்டு, தட்டியை இழுக்கும்படி அத்தையிடம் சொன்னார். உடம்பெல்லாம் பரவியிருந்த பதற்றம் தணிந்தது. பிறகு தனக்கென்றே ஒன்றைச் செய்துகொண்டார். ‘வி’ எழுத்துபோலச் சாய்ந்த இரண்டு பலகைகள், உள்பக்கம் மெத்தை, நடுவில் ஆள் கவிழ்ந்து படுக்க இடம், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நெம்புகோல். எவ்வளவு அழுத்தம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் படுத்திருப்பவர் கையில். எனக்கு அந்த நெம்புகோல்தான் முக்கியமாகப் படுகிறது. அதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, கேட்காமல் எந்தக் குழந்தையையும் நான் வாரி எடுத்துக் கொஞ்சுவதில்லை.

● ஒரு கல்யாண மண்டபத்தில் பார்த்தது. கெட்டிமேளம் முழங்கியதும் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டான். அம்மா கெஞ்சுகிறார், அவன் வரவில்லை. ‘செல்லம் கொடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க’ என்று ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தானும் மேசைக்கடியில் போய்ப் பையனோடு உட்கார்ந்துகொண்டார். ஓசை ஊசிபோலக் குத்தும், சட்டைக் காலரின் தையல் உப்புத்தாள்போல உரசும், டியூப்லைட்டின் சிமிட்டல் கண்ணைக் கூசவைக்கும் என்று ஆட்டிசம் உள்ளவர்கள் 1980-களிலிருந்தே புத்தகங்களில் எழுதிவந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடு, புலன்களின் இந்த மிகையுணர்வையும் குறையுணர்வையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது 2013-இல்தான். உள்ளே இருந்தவர்கள் சொன்னது கையேட்டில் ஏற ஏறக்குறைய 30 வருடம்!

● ஆஸ்திரேலியாவின் டோனா வில்லியம்ஸ் 1992-இல் எழுதிய ‘நோபடி நோவேர்’ உலகெங்கும் விற்றது. சின்ன வயதில் பூங்காவில் சந்தித்த ஒரு சிறுமியின் பெயர் கேரல். அந்தப் பெயரையும் சிரிப்பையும் டோனா எடுத்துப் போட்டுக்கொண்டார். வெளியே சிரித்துப் பேசிப் பழகியது கேரல். டோனா உள்ளேயே இருந்தார். ஆட்டிசத்தை மறைத்துக்கொண்டு மற்றவர்கள்போல நடிப்பதை இன்று ‘முகமூடி’ என்கிறார்கள். நன்றாகப் பழகுகிறாளே, இவளுக்கு என்ன குறை என்று பெண் பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

● ‘கண்ணைப் பார்த்துப் பேசு!’ சிறுவயதில் தினமும் வாங்கிய இந்த அதட்டலையே தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார் ஜான் எல்டர் ராபிசன். அது வந்தது 2007-இல். ‘கிஸ்’ இசைக்குழுவுக்குப் புகை கக்கும் கிட்டார்களைச் செய்து கொடுத்தவர் அவர். ஆட்டிசக் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்பெர்ஜர் நிலை தனக்கு இருப்பது 40 வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் பேச்சில் கவனம் சிதறிவிடும், பார்வையை விலக்கினால்தான் ஒழுங்காகப் பேச முடியும் என்கிறார். மேலே பார்த்துக்கொண்டு பதில் சொல்லும் பிள்ளையைத் திட்டுமுன் ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

● மைசூரிலும் பெங்களூருவிலும் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாயின் முதல் புத்தகம் 2000-இல் பிரிட்டனில் வெளியானது. டிட்டோவுக்குப் பேச்சு மிகக் குறைவு. அந்தப் புத்தகம் 8 வயதுக்கும் 11 வயதுக்கும் இடையில் எழுதியது. அம்மா சோமா அவனுக்குப் பாடங்களையும் இலக்கியத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டினார்; எழுத்து அட்டையைத் தொட்டுக் காட்டப் பழக்கினார்; பென்சிலைக் கையில் கட்டி எழுத வைத்தார். கை கால்கள் தன்னோடு சேராமல் சிதறிக் கிடப்பதுபோல இருக்கும், சுழலும்போதுதான் உடம்பு ஒன்றுசேர்ந்ததாகத் தோன்றும் என்பதை டிட்டோ எழுதித்தான் நாம் அறிகிறோம். ஒரே நேரத்தில் பார்க்கவும் கேட்கவும் அவனால் முடியாது, ஏதாவது ஒன்றுதான். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று சோதிக்க ஓடுகிறோமே, அந்த நேரத்தில் அவன் முழு மனதோடு எதையோ பார்த்துக்கொண்டிருக்கலாம்.

● 13 வயதில் ஜப்பானின் நவோகி ஹிகாஷிதா எழுதிய புத்தகம் 2007-இல் வந்தது. ஏன் குதிக்கிறாய், ஏன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறாய் என்று பெரியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில். அட்டையில் உள்ள எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு எழுதியது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து உதவும் அட்டை முறைகளில், வரும் சொல் யாருடையது என்ற சந்தேகம் பலமாக இருக்கிறது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல் கையைப் பிடித்து உதவும் முறையையும் டிட்டோவின் அம்மா சோமா உருவாக்கிய முறையையும் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவித்தது. ஆதரவில்லாமல் தானே எழுதவும் தட்டச்சு செய்யவும் பழகியவரின் சொல்லை அப்படித் தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம்.

● ‘பை’ எண்ணின் தசமங்களை 22,514 இலக்கம் வரை மனப்பாடமாகச் சொன்னவர், ஆட்டிசம் உள்ள டேனியல் டாமெட். 2004 மார்ச் 14 அன்று ஆக்ஸ்ஃபோர்டில், 5 மணி 9 நிமிடத்தில். எண்களுக்கு அவர் மனதில் நிறமும் வடிவமும் உண்டு. அற்புதம்தான். ஆனால் ஆட்டிசம் உள்ள எல்லோரிடமும் இப்படி ஒரு வித்தையைத் தேடாதீர்கள். பெரும்பாலோருக்கு அது இல்லை; அது இருந்தால்தான் மதிப்போம் என்பது கொடுமை.

● ‘எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள்’ என்ற பொருளில் 1993-இல் கனடாவின் டொராண்டோ மாநாட்டில் பெற்றோர்களிடம் பேசினார், ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர். ஆட்டிசம் என்பது ஓர் ஓடு, உள்ளே வேறொரு ‘சாதாரண’ குழந்தை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைக்காதீர்கள் என்றார். நீங்கள் எதிர்பார்த்த குழந்தைக்காக அழுங்கள், தப்பில்லை. ஆனால் எதிரில் நிற்கும் குழந்தை உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் பேச்சின் சாரம்.

● ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர் மனது புரியாது என்று ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். 2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், கேள்வியைத் திருப்பிப் போட்டார்: உங்களுக்கு மட்டும் எங்கள் மனது புரிகிறதா? எடின்பரோவில் கேதரின் கிராம்ப்டன் குழுவினர் இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். எட்டெட்டுப் பேரை வரிசையாக்கி, முதல் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். கதை காதோடு காதாகக் கடைசி ஆள் வரை போகவேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்களின் வரிசையில் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிந்தியது.

● கிராண்டின் தன் எண்ணங்கள் எல்லாம் படங்களாகவே ஓடும் என்று 1995-இல் இன்னொரு புத்தகம் எழுதினார். ‘கோயில்’ என்றால் பொதுவான கோயில் அவர் மனதில் வராது. தான் பார்த்த ஒவ்வொரு கோபுரமும் வரிசையாக வந்து நிற்கும் என்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இப்படித்தான் என்று அப்போது நினைத்தார். பிறகு தெரிந்தது, சிலர் கணக்கிலும் இசையிலும் உள்ள ஒழுங்குகளாகச் சிந்திக்கிறார்கள், சிலர் சொற்களாகச் சிந்திக்கிறார்கள் என்று. 2006-இல் விரிவாக்கிய பதிப்பில், தான் நினைத்தது தவறு என்று அதே புத்தகத்துக்குள்ளேயே எழுதிச் சேர்த்தார்.